மவுண்ட் வெர்னன் மாளிகை எழுந்த விதம்: ஆட்கள், சரக்குகள், கணக்குகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் நகருக்குத் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கும் மவுண்ட் வெர்னன், அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை மாளிகை. ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் அங்கே அழைத்துச் செல்லும்போது, போரையும் அரசியலையும் விடக் கட்டட வேலையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சொந்தமாக ஒரு வீடு கட்டி மேஸ்திரியோடும் செங்கல் லாரியோடும் போராடியவர்களுக்கு அது இயல்புதான். திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த மாளிகையைக் கட்டியது ஜார்ஜ் வாஷிங்டனா, அவருடைய அப்பாவா?

இருவரும்தான். தந்தை அகஸ்டின் வாஷிங்டன் 1734ஆம் ஆண்டு வாக்கில், தரைத்தளமும் கூரைக்கு அடியில் சில அறைகளும் மட்டுமே கொண்ட ஒரு சிறிய வீட்டை இங்கே எழுப்பினார். அந்த வீட்டை மகன் இடிக்கவில்லை. 1757, 1758ஆம் ஆண்டுகளில் கூரையைப் பிரித்து ஒரு முழு மாடியை ஏற்றினார். 1774இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் தெற்கிலும் வடக்கிலும் புதிய பகுதிகளைச் சேர்த்து, ஆற்றைப் பார்த்த பக்கத்தில் எட்டுத் தூண்கள் கொண்ட உயர்ந்த தாழ்வாரத்தை அமைத்தார். அந்தக் கட்டம் 1787 வரை இழுத்துக்கொண்டு போயிற்று. கீழே ‘முதல் வேலை’ என்றும் ‘இரண்டாம் வேலை’ என்றும் நான் குறிப்பிடுவது இந்த இரண்டையும்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் வேலை நடந்தபோது இது அவருக்குச் சொந்தமான வீடே அன்று. தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த, இறந்துபோன அண்ணன் லாரன்ஸின் மனைவியிடமிருந்து, ஆண்டுக்கு 15,000 பவுண்டு எடையுள்ள புகையிலையைக் குத்தகையாகக் கொடுத்து 1754 முதல் அனுபவித்து வந்தார். அந்த அம்மையாரின் காலத்துக்குப் பிறகு சொத்து தமக்கு வரும் என்பது அண்ணனின் உயிலின்படி தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு துணிந்து செலவு செய்தார். 1761இல் வீடு அவருடையதாயிற்று.

அவர் இன்ஜினியரிங் படித்தவரா? பிளான் போட்டுக் கொடுத்தது யார்?

தனியாகக் கட்டடக் கலைஞர் என்று எவரும் இல்லை. வாஷிங்டன் இளம் வயதில் நில அளவையாளராக வேலை பார்த்தவர். 1749இல் கல்பெப்பர் மாவட்டத்தின் அளவையாளராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 17. அளவெடுப்பதும் கோடு போடுவதும் கணக்கிடுவதும் அவருக்குக் கைவந்தவை. கதவு, சாளரம், கணப்பு (குளிர்காய அறைக்குள் நெருப்பு மூட்டும் இடம்) முகப்பு போன்றவற்றின் அலங்காரங்களுக்கு இங்கிலாந்தில் அச்சான மாதிரிப் புத்தகங்கள் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தன. அவற்றைப் பார்த்துச் செய்வதே விர்ஜினியாவில் வழக்கம். வீட்டுக்காரர் ஒரு வரைபடத்தைக் கொடுப்பார், தலைமைத் தச்சர் அதை மரத்தில் சாத்தியமாக்குவார். மாளிகையின் அழகை விட அதன் நிர்வாகம்தான் வாஷிங்டனின் உண்மையான திறமையைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

பார்த்தால் கல் கட்டடம் மாதிரி இருக்கிறதே, மரம் என்கிறார்களே?

மரம்தான். சட்டங்களாலான கூட்டின்மேல் அறையப்பட்ட பைன் பலகைகள் அவை. கற்களை அடுக்கியதுபோன்ற இடைவெளிகள் தெரியும்படி பலகையின் முகத்தைச் சரித்துச் செதுக்கி, எண்ணெய்ச் சாயம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மணலை வீசி ஒட்டவைத்தார்கள். காய்ந்த பிறகு தொட்டால் கல்லின் சொரசொரப்பு இருக்கும். 1799இல், தலைநகரில் தாம் கட்டிக்கொண்டிருந்த வேறு வீடுகளைப் பற்றி வில்லியம் தார்ன்டனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மணல் வீச்சை எப்படிச் செய்ய வேண்டும் என்று வாஷிங்டனே விளக்கியிருக்கிறார். மணல் பார்வைக்கு மட்டுமல்லாமல் மரத்தைப் பாதுகாக்கவும் உதவியது.

கல்லால் கட்டாததற்குக் காரணம் எளிது. ஏற்கெனவே நின்ற வீடு மரவீடு. அதன்மேல் ஏற்றுவதும் அதன் பக்கத்தில் ஒட்டுவதும் மரமாக இருந்தால்தான் தச்சர்களைக் கொண்டே முடிக்க முடியும்.

முதல் வேலை நடந்தபோது அவர் போர்முனையில் இருந்தாராமே, யார் பார்த்துக்கொண்டார்கள்?

அப்போது வாஷிங்டன் விர்ஜினியாப் படைப்பிரிவின் தளபதியாக, பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரில் மேற்கு எல்லையில் இருந்தார். வீட்டு வேலையை ஜான் பேட்டர்சன் என்ற கட்டுநர் ஏற்று நடத்தினார். பண்ணையைக் கவனித்த ஹம்ப்ரி நைட் தனியாகக் கடிதம் எழுதி நிலவரம் சொன்னார். அருகிலிருந்த பெல்வாய்ர் மாளிகையின் ஜார்ஜ் வில்லியம் ஃபேர்ஃபாக்ஸ், நண்பர் என்ற முறையில் வந்து பார்த்து யோசனை கூறினார்.

வேலை செய்பவர், பண்ணையில் இருப்பவர், வெளியாள் என ஒருவரையொருவர் சார்ந்திராத மூன்று பேரிடமிருந்து செய்தி வந்ததால், தொலைவில் இருந்த உரிமையாளரால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. வெளிநாட்டில் சம்பாதித்துக்கொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள், மேஸ்திரி சொல்வதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்ப்பது போலத்தான்.

இரண்டாம் வேலைக்காவது கூடவே இருந்தாரா?

இல்லை, அது இன்னும் கடினமான கதை. தெற்குப் பகுதி எழுந்துகொண்டிருந்தபோதே, 1775 மே 4 அன்று, குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரசுக்குப் புறப்பட்டார். அங்கே, பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின் படைத்தலைவராக நியமிக்கப்பட்டார். மீண்டும் இந்த வீட்டைக் கண்ணால் பார்த்தது 1781 செப்டம்பரில், யார்க்டவுன் போருக்குச் செல்லும் வழியில். ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியில்தான் வடக்குப் பகுதியின் கூடு எழுப்பப்பட்டது, ஆற்றுப்பக்கத் தாழ்வாரமும் உச்சியிலுள்ள சிறு கோபுரமும் உருவாயின. சொந்த மாளிகையின் மிகப் பெரிய மாற்றத்தை உரிமையாளர் கடிதங்களில் மட்டுமே பார்த்தார்.

இந்த முறை பொறுப்பு முழுவதும் லண்ட் வாஷிங்டனிடம் இருந்தது. தூரத்து உறவினரான இவர் 1765 முதல் 1785 வரை பண்ணையின் காரியஸ்தர். கோதுமை விற்பனை, மாவு ஆலை, வாடகை வசூல், நோயாளிகள், விருந்தினர் ஆகியவற்றுக்கு நடுவில் கட்டட வேலையையும் இழுத்துச் சென்றார். தலைமைத் தச்சர் கோயிங் லான்ஃபியர். செதுக்கு வேலைக்கு வில்லியம் பெர்னார்ட் சியர்ஸ். இந்தச் சியர்ஸ், அருகில் ஜார்ஜ் மேசனின் கன்ஸ்டன் ஹால் மாளிகையில் ஏற்கெனவே பேர்பெற்ற வேலையைச் செய்தவர்.

போர் நடத்திக்கொண்டே வீட்டைப் பற்றி என்னதான் எழுதியிருப்பார்?

நம்மை வியக்கவைக்கும் அளவுக்கு நுணுக்கமாக எழுதினார். 1775 ஆகஸ்ட் 20 அன்று, பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த பாசறையிலிருந்து லண்டுக்கு எழுதும்போது, உணவறையின் கணப்பு முகப்பைச் சீக்கிரம் முடிக்கும்படி லான்ஃபியரையும் சியர்ஸையும் முடுக்கிவிடச் சொல்கிறார்; தாம் திரும்புவதற்குள் வீட்டின் அந்தக் கோடி முழுமையாக முடிந்துவிட வேண்டும் என்கிறார்.

அதைவிட முக்கியமானது 1776 செப்டம்பர் 30 அன்று எழுதிய கடிதம். நியூயார்க் நகரம் கைவிட்டுப்போய், படை ஹார்லெம் மேட்டில் ஒதுங்கியிருந்த நேரம் அது. தமக்கு நேர்ந்திருக்கும் நிலைமை எதிரிக்குக்கூட வரக்கூடாத சாபம் என்ற பொருளில் மனமுடைந்து எழுதியவர், அதே கடிதத்தில் கணப்புகளுக்கு வருகிறார். கூடத்திலுள்ள கணப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்; அதற்கு மேலே உள்ள அறையின் கணப்பு, முடிந்தால் மற்றவற்றைப்போல் மூலையில் அமையட்டும், ஆனால் அதற்காக நடுச்சுவரை இடிக்க வேண்டாம்; புதிய பெரிய அறையின் கணப்பு மட்டும் மிகச் சரியாக நடுவில் இருக்க வேண்டும், கதவுகளும் மற்றவையும் அதற்கு ஒத்து ஒரே சீராக அமைய வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறார்.

இந்தக் கடிதத்தைத் துக்கத்தை மறக்க எழுதியதாகப் பலர் விளக்குவார்கள், இருக்கலாம். கட்டட நிர்வாகம் என்ற கண்ணோடு பார்த்தால் அதில் வேறொன்று இருக்கிறது. எதை மாற்றவே கூடாது, எதை இயன்றால் செய்யலாம், எதற்காக எதை இடிக்கக்கூடாது என்ற மூன்று நிலைகளையும் பிரித்துச் சொல்லிவிட்டதால், பதில் வரும்வரை வாரக்கணக்கில் காத்திராமல் லண்டால் களத்திலேயே முடிவெடுக்க முடிந்தது.

உண்மையில் கையால் கட்டியவர்கள் யார்?

லான்ஃபியர், சியர்ஸ் போன்ற கூலி பெற்ற கைவினைஞர்கள் சிலரே. மரம் வெட்டியது, சதுரமாக்கியது, அறுத்தது, மண் குழைத்தது, செங்கல் அறுத்துச் சுட்டது, சுமந்தது எல்லாம் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரே. 1799ஆம் ஆண்டுக் கணக்கின்படி மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களில் தச்சர்கள், கொல்லர்கள், கொத்தர்கள் எனத் தேர்ந்த கைகள் பல உண்டு. ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கே தச்சரான சாம்போ ஆண்டர்சன் அவர்களில் ஒருவர். வாஷிங்டனின் உயிலின்படி விடுவிக்கப்பட்டவர்களோடு 1801இல் இவரும் விடுதலை பெற்றார்.

வேலைவாங்கிய முறையையும் மறைக்க முடியாது. முதல் வேலையின்போது, 1758 செப்டம்பரில் ஹம்ப்ரி நைட் அனுப்பிய கடிதத்தில், தச்சர்களை இயன்றவரை கண்காணித்ததாகவும் குற்றம் கண்டபோது சவுக்கால் அடித்ததாகவும் சாதாரணச் செய்தியைப்போல எழுதியிருக்கிறார். மேலே கூறிய மேற்பார்வை ஏற்பாட்டின் மறுபக்கம் இதுதான்.

ஒரு தச்சர் ஒரு நாளைக்கு இவ்வளவு செய்ய வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்களா?

வைத்திருந்தார், அதுவும் கடிகாரத்தோடு. 1760 பிப்ரவரி 5ஆம் நாள் நாட்குறிப்பில் இது இருக்கிறது. ஜார்ஜ், டாம், மைக், இளைய பில்லி என்ற நான்கு தச்சர்களும் சேர்ந்து முந்தைய நாள் காலை பத்து மணிக்கு மேல் 120 அடி மட்டுமே மரம் செதுக்கியிருந்ததைக் கண்ட வாஷிங்டன், அங்கேயே உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினார். டாமும் மைக்கும் அரை மணிக்குள் புதரை விலக்கி, மரத்துக்குக் கோடு போட்டு, பக்கங்களைச் செதுக்கினார்கள். பிறகு அவர்கள் போக்கில் விட்டபோது, ரம்பம் எடுத்து வரவும், யோசித்து நிற்கவும், அறுத்துக் கட்டையின்மேல் ஏற்றவும் 25 நிமிடங்கள் ஆயின. வேலை முடிய மேலும் 20 நிமிடங்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் ஆளுக்கு 20 அடி என்று கண்டு, அந்தக் குறுகிய குளிர்காலப் பகலிலேயே ஆளுக்கு 125 அடி கிடைக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

இந்தப் பதிவைச் சிலர் நவீன மேலாண்மைக்கு முன்னோடி என்று புகழ்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உரிமையாளர் எதிரே உட்கார்ந்திருக்கையில் செய்த ஒன்றேகால் மணி நேர வேலையை, கூலியில்லாத மனிதர்களின் முழுநாள் அளவாக நீட்டுவது அளவைத் தவறு மட்டுமன்று. அந்த நால்வருக்கும் வேகமாகச் செதுக்க என்ன காரணம் இருந்தது என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் எழவேயில்லை.

செங்கல், சுண்ணாம்பு, மரமெல்லாம் எங்கிருந்து வந்தன?

கனமானவை எல்லாம் பக்கத்திலிருந்தே. அடித்தளத்துக்கும் புகைபோக்கிகளுக்கும் வேண்டிய செங்கல் பண்ணையின் களிமண்ணிலேயே அறுக்கப்பட்டு, அங்கேயே சுடப்பட்டது. சாந்துக்கான சுண்ணாம்பு ஆற்றுச் சிப்பிகளைச் சுட்டுக் கிடைத்தது. நம் கடற்கரை ஊர்களின் கிளிஞ்சல் சுண்ணாம்பை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. கூட்டுக்கான கனமான சட்டங்களுக்குப் பண்ணைக் காடுகளே போதுமானவை. கூரைக்குச் சைப்ரஸ் மரத்தைச் சிறு சிறு பலகைகளாகப் பிளந்து ஓடுபோல வேய்ந்தார்கள்.

இப்பொருள்களில் பணத்தை விடக் காலமே பெரிய தடை. பச்சை மரத்தைக் கதவுக்கோ தரைக்கோ போட்டால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். உறைபனிக் காலத்தில் செங்கல் அறுக்கவும் முடியாது, சாந்து பூசவும் முடியாது. ஆகவே ஒரு பருவத்தில் தவறவிட்ட வேலை அடுத்த ஆண்டுக்குத்தான் போகும்.

லண்டனிலிருந்து எதை வரவழைத்தார்கள்? அங்கே ஏமாற்றவில்லையா?

கண்ணாடி, ஆணி, பூட்டு, கீல், சாயம், சுவர்க் காகிதம், அலங்காரப் பொருள்கள் ஆகியவை இங்கிலாந்திலிருந்து வந்தன. 1757 ஏப்ரலில் லண்டன் வணிகர் ரிச்சர்ட் வாஷிங்டனுக்கு அனுப்பிய பட்டியலில், தச்சர் கொடுத்த அளவில் ஒரு சலவைக்கல் கணப்பு முகப்பு வேண்டும், விலை 15 கினியை (கினி அன்றைய ஆங்கிலத் தங்க நாணயம்) தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார். அளவும் உச்சவிலையும் இல்லாமல் கடல் கடந்த ஊருக்குச் சரக்குச் சீட்டு எழுதுவது வெற்றுக் காசோலை கொடுப்பதற்குச் சமம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் தப்பவில்லை. புகையிலையை லண்டனுக்கு அனுப்பி, அதன் விலையில் சரக்கை வாங்கி அனுப்பும்படி ராபர்ட் கேரி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார். வந்த பொருள்கள் விலை கூடியவை, தரம் குறைந்தவை, தம் முன்னோர் காலத்திலேயே வழக்கொழிந்தவை என்று 1760இல் அவர்களுக்குக் கடிந்து எழுதினார். திருப்பி அனுப்பி மாற்று வாங்க ஓர் ஆண்டு ஆகும் என்பதால் பெரும்பாலும் வந்ததை வைத்துக்கொள்வதே வழி.

பிரிட்டனோடு சண்டைக்குப் போனவர் அங்கிருந்தே ஆணி வாங்கினாரா?

சண்டைக்கு முன்பு வாங்கினார், சண்டை முடிந்த பிறகும் வாங்கினார். மனைவி மார்த்தாவின் மகள் பாட்சி 1773 ஜூனில் இறந்தபின், அவள் சொத்தில் ஒரு பங்கு வந்ததால் லண்டன் கடன் சுமை குறைந்தது. அதே ஆண்டு அக்டோபரில், வேலையை ஏற்பவரிடமிருந்து மதிப்பீடு வாங்கி, இரண்டாம் வேலைக்கான கண்ணாடி, சாயம், ஆணி ஆகியவற்றை ராபர்ட் கேரிக்கு எழுதினார். 1774 டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் பொருள்களை இறக்குமதி செய்வதில்லை என்ற குடியேற்ற நாடுகளின் உறுதிமொழி நடைமுறைக்கு வந்தது. அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்களில் வாஷிங்டனும் ஒருவர். ஓராண்டு தாமதித்திருந்தால், அவரே போட்ட தடை அவருடைய தச்சர்களின் கையைக் கட்டியிருக்கும்.

போருக்குப் பின், தாழ்வாரத்துக்கான தளக்கற்களை இங்கிலாந்தின் ஒயிட்ஹேவன் துறைமுகத்திலிருந்து ஜான் ரம்னி வழியாக வரவழைத்தார். தாழ்வாரம் 90 அடிக்கு மேல் நீளமுள்ளது. ஆகவே முதலில் விலையையும் மாதிரியையும் கேட்டு, பிறகே முழுச் சரக்குக்கு ஒப்புதல் கொடுத்தார். கற்கள் 1786இல் பதிக்கப்பட்டன.

“நல்ல ஆளாக இருந்தால் வாங்குங்கள்” என்று எழுதினாராமே, அது அடிமைகளைப் பற்றியா?

இல்லை, அது ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றியது. கப்பல் கட்டணத்துக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் உழைக்க ஒப்புக்கொண்டு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் பத்திரங்களைத் துறைமுகத்தில் விலைக்கு வாங்கலாம். 1784 மார்ச்சில் பால்டிமோரிலிருந்த டென்ச் டில்மனுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தச்சரையும் ஒரு கொத்தரையும் பார்த்து வாங்கச் சொல்கிறார். வேலை தெரிந்தவர்களாக இருந்தால் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எங்கிருந்து வந்தவர்களானாலும் சரி, முகமதியர், யூதர், கிறிஸ்தவர் அல்லது நாத்திகர் யாரானாலும் சரி என்கிறார். இந்த வரியை மதச் சகிப்புத்தன்மைக்கு மேற்கோளாகக் காட்டுவது வழக்கம். கைத்தொழில் தெரிந்தவர்கள் எவ்வளவு அரிதாக இருந்தார்கள் என்பதற்கும் அதுவே சான்று. அந்த ஆண்டே அயர்லாந்துக்காரர்களான தச்சர் தாமஸ் மஹோனியும் கொத்தர் கொர்னீலியஸ் மெக்டெர்மட் ரோவும் இவ்வாறு வந்து சேர்ந்தார்கள்.

பச்சை நிறப் பெரிய அறையை முடிக்க ஏன் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று?

வடக்குப் பகுதியிலுள்ள இந்தப் புதிய அறையின் வெளிக்கூடு 1776இல் எழுந்தது. உள்வேலைக்கு ஆளும் இல்லை, பொருளும் இல்லை. இறக்குமதி நின்றதால் ஆணிகூட அரிதாயிற்று. காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணத்தின் மதிப்பு மாதத்துக்கு மாதம் விழுந்துகொண்டிருந்ததால், பேசிய கூலி முடிக்கும்போது பாதிக்கும் கீழாகிவிடும் என்று எந்தத் தச்சரும் தயங்கினார். எனவே வீட்டை மழை புகாமல் மூடி வைப்பது வரை செய்துவிட்டு, உள் அலங்காரத்தை அமைதிக் காலத்துக்கு ஒத்திவைத்தது விவேகமான முடிவு.

1785 ஆகஸ்டில் பால்டிமோரின் சுதை வேலைக்காரர் ஜான் ராலின்ஸுக்கு, அறையின் அளவு 32க்கு 24 அடி, உயரம் 16 அடி, எளிய நேர்த்தியான பாணி போதும் என்று எழுதினார். ராலின்ஸ் வடிவமைக்க, ரிச்சர்ட் தார்ப் நின்று செய்தார். மேற்கூரையில் கதிர்க்கட்டுகளும் உழவுக் கருவிகளும் இருப்பதைக் காணலாம். இங்குள்ள சலவைக்கல் கணப்பு முகப்பு விலைக்கு வாங்கியதன்று. இங்கிலாந்தில் சாமுவேல் வான் அன்பளிப்பாக அனுப்பியது. பத்துப் பெட்டிகளில் வந்திறங்கியதைப் பார்த்தே, தம் அறைக்கும் குடியரசு வாழ்க்கைக்கும் இது மிகையோ என்று வாஷிங்டன் கூச்சப்பட்டு எழுதினார், ஆனாலும் பதித்துக்கொண்டார்.

குடித்துவிட்டு வராத ஆளே கிடைக்காது என்பார்களே, அங்கேயும் அப்படித்தானா?

அங்கேயும்தான். தச்சர்களின் மேற்பார்வையாளர் தாமஸ் கிரீனுக்கு, குடியரசுத் தலைவராகப் பதவியேற்கப் புறப்படுவதற்குச் சற்று முன்பு, 1789 மார்ச் 31 அன்று வாஷிங்டன் நீண்ட எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். குடியை விடாவிட்டால் வேலை போகும் என்பது அதன் சாரம். தோட்டக்காரர் பிலிப் பேட்டரோடு 1787இல் செய்த ஒப்பந்தம் இன்னும் நேர்மையானது. கிறிஸ்துமஸுக்கு நான்கு பகலும் நான்கு இரவும் குடித்திருக்க நான்கு டாலர் தரப்படும், ஈஸ்டருக்கும் அதுபோல் உண்டு, மற்ற நாள்களில் நிதானம் தவறக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள்.

போர் நடக்கும்போது ஆங்கிலேயர்கள் வீட்டை இடிக்கவில்லையா?

வந்தார்கள், இடிக்கவில்லை. 1781 ஏப்ரலில் ‘சாவேஜ்’ என்ற போர்க்கப்பல் ஆற்றில் வந்து நின்றபோது, வீட்டைக் காப்பாற்ற லண்ட் அவர்களுக்கு உணவுப் பொருள்களைக் கொடுத்தார். எதிரிக்குச் சோறு போட்டதை விட வீடு எரிந்து போயிருப்பதே மேல் என்று வாஷிங்டன் அவரைக் கண்டித்தார்.

அந்தக் கப்பலில் 17 அடிமைகள் ஏறித் தப்பிச் சென்றார்கள். அவர்களில் கன்னர் என்ற, 45 வயது மதிக்கத்தக்க, செங்கல் அறுப்பவரும் ஒருவர். லண்ட் தயாரித்த பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘மதிப்புள்ளவர்’ என்ற குறிப்பு இருக்கிறது. இது எதிர்பாராததன்று. தப்பி வந்து தம்மோடு சேர்வோருக்கு விடுதலை என்று விர்ஜினியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775இல் அறிவித்தபோதே, வீட்டில் செதுக்கிக்கொண்டிருந்த சியர்ஸ் லண்டிடம் சொல்லியிருந்தார்: தப்ப முடியும் என்று நம்பினால் இவர்களில் அநேகமாக ஒருவரும் இங்கே நிற்கமாட்டார்கள் என்று. சுதந்திரம் இனிமையானது என்பதையும் சேர்த்தே லண்ட் அதை வாஷிங்டனுக்கு எழுதினார்.

மொத்தம் எவ்வளவு செலவாயிற்று?

ஒரே தொகையாகச் சொல்லப்படும் எதையும் நம்ப வேண்டாம். முதல் வேலையின் கணக்கு விர்ஜினியா பவுண்டிலும் லண்டன் பவுண்டிலும் புகையிலையிலும் கலந்து கிடக்கிறது. இரண்டாம் வேலையின் நடுப்பகுதி, மேலே சொன்ன விழுந்துகொண்டிருந்த காகிதப் பணத்தில் நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையில் பெரும்பங்கைச் செய்தவர்களுக்குக் கூலி என்ற வரியே கணக்குப் புத்தகத்தில் இல்லை.

முன்பக்கச் சாளரங்கள் ஏன் கோணல்மாணலாக இருக்கின்றன? சீராக வேண்டும் என்று எழுதியவர்தானே?

கூர்ந்து பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. மேற்கு முகப்பில் வாசற்கதவு சரியான நடுவில் இல்லை. அதன் இரு பக்கச் சாளரங்களும் சம தூரத்தில் இல்லை. பழைய வீட்டின் சுவர்களும் படிக்கட்டும் இருந்த இடத்தை மாற்றாமல் ஒட்டிக்கொண்டே போனதன் விளைவு அது. 1776 கடிதத்தில் நடுச்சுவரை இடிக்க வேண்டாம் என்ற கொள்கையே இங்கும் வேலை செய்திருக்கிறது. புதிதாகக் கட்டிய பெரிய அறையில்தான் அவரால் சீரை வற்புறுத்த முடிந்தது. முகப்புக்கு மேலே முக்கோண முகடும் சிறு கோபுரமும் வைத்து, பார்வை முதலில் மேலே போகும்படி செய்துவிட்டார்.

கோபுரத்தின் உச்சியில் புறா இருக்கிறதே, அதுவும் அவர் வைத்ததா?

ஆம். அரசியலமைப்பு மாநாட்டுக்காகப் பிலடெல்பியாவில் தங்கியிருந்த 1787 கோடையில், ஜோசப் ரேக்ஸ்ட்ரா என்ற கைவினைஞரிடம், ஒலிவக் கிளையைக் கவ்விய புறா வடிவில் காற்றுத்திசை காட்டி ஒன்றைச் செய்யச் சொன்னார். அதைப் பண்ணைக்கு அனுப்பியபோது, அப்போது லண்டின் இடத்துக்கு வந்திருந்த தம்பி மகன் ஜார்ஜ் அகஸ்டினுக்கு, அலகுக்குக் கறுப்பும் இலைக்குப் பச்சையும் பூச வேண்டும் என்று தனியாக எழுதினார்.

இப்போது நாம் பார்ப்பது அவர் போட்ட பலகைகள்தானா?

சில அவை, சில மாற்றப்பட்டவை. 1850களில் வீடு சரியும் நிலைக்கு வந்து, தாழ்வாரத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆன் பமேலா கன்னிங்ஹாம் தொடங்கிய மவுண்ட் வெர்னன் மகளிர் சங்கம், 1858இல் 2,00,000 டாலருக்கு வீட்டை வாங்க உடன்பட்டு, 1860இல் பொறுப்பேற்று, இன்றுவரை அரசு உதவியின்றிப் பராமரிக்கிறது. மரக்கூட்டில் பெரும்பகுதி வாஷிங்டன் காலத்தது. தாழ்வாரத்தின் தளக்கற்கள் தேய்ந்துபோனதால் பிற்காலத்தில் மாற்றப்பட்டன. வெளிப்பலகைகளில் மணல் வீச்சை இன்றும் பழைய முறையிலேயே புதுப்பிக்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் சற்றே சாய்வாக நின்று பார்த்தால் மணற்பரல்கள் தெரியும். கையால் தடவ மட்டும் அனுமதி இல்லை.